விதைநெல்லுக்கு இருபது புள்ளி

எட்டாவது யோசனையை நான் பேனாவால் அடித்த வேகத்தில் தாள் கிழிந்துவிட்டது. இந்துமதி கிழிசலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நடுத்தெருவில் கம்பிவேலி போட்டு மறித்து நிற்கிறார்கள், அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். அதுதான் அவள் சொன்ன விளையாட்டு. போன செப்டம்பரில் ரங்கூன் தெருக்களில் பிக்குகளின் ஊர்வலத்தை ராணுவம் மறித்துச் சுட்டதை டீக்கடையில் உட்கார்ந்து யாரும் பேசுவதில்லை. பக்கத்து மேசைக்காரர் எங்கள் நோட்டைப் பார்க்கிறாரா என்று கழுத்தைத் திருப்பாமல் கவனித்தேன். அவர் வடை தின்றுகொண்டிருந்தார்.

அது இரண்டாயிரத்து எட்டு, மார்ச் மாதம். நாங்கள் இருவரும் ஒரு தனியார் கம்ப்யூட்டர் வகுப்பில் கடைசிப் பருவம். ஜூன் முடிவதற்குள் இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு வீடியோ கேம் எழுதித் தர வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கேமை மாற்றி எழுதக் கூடாது, இந்த ஊரில் இருப்பவனுக்குத்தான் தோன்றும் என்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று ஸயா சொல்லியிருந்தார். எங்கள் ஆசிரியரை எல்லாரையும்போல ஸயா என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாம் மாடியில் கரண்ட் போனதும் நோட்டை எடுத்துக்கொண்டு கீழே டீக்கடைக்கு வந்துவிடுவோம்.

என் யோசனைகளெல்லாம் வாப்பாவின் கடையைச் சுற்றியே வந்தன. க்யிம்யிண்டைங் சந்தையில் குடை விற்கிற கடை. மழை இறங்குவதற்குள் இத்தனை குடை விற்க வேண்டும் என்றேன். இந்துமதி கொட்டாவி விட்டாள். கரண்ட் வருகிற ஒரு மணி நேரத்துக்குள் அரிசி வேகவைத்து, தண்ணீர் மோட்டார் போட்டு, துணி இஸ்திரி செய்கிற விளையாட்டு ஒன்றை அவள் சொன்னாள். சிரித்தோம். ஆனால் அதை ஸயா அரசாங்கத்தைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வார் என்று அதையும் அடித்தேன். அடிக்கிறவள் எப்போதும் நானாகத்தான் இருந்தேன்.

ஒன்பதாவதாக, வேறு எதுவும் தோன்றாமல், அவள் தன் ஊரைச் சொன்னாள். டெல்டாவில் போகலேக்குத் தெற்கே, ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மழைக்காலத்தில் சில வருஷம் உப்புத்தண்ணீர் வயலைத் தாண்டி வீடுவரை ஏறிவிடும். அவள் அப்பா ஒரே ஒரு படகில் வீட்டிலுள்ளவர்களையும் எருமைக் கன்றையும் விதைநெல் மூட்டைகளையும் மேட்டுக்குக் கொண்டு சேர்ப்பாராம். படகு சின்னது, தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், எதை முதலில் ஏற்றுவது? நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அன்றே புள்ளிகளும் போட்டோம். ஆளுக்குப் பத்து, கன்றுக்குப் பதினைந்து. விதைநெல்லுக்கு இருபது வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள்.

"ஆளவிட நெல்லுக்கு ஒசத்தியாடி?" என்று கேட்டேன்.

"ஆளு நீந்திக்கும் சைதா. நெல்லு நீந்துமா? எங்க அப்பா இப்படித்தான் சொல்வாரு."

மே இரண்டாம் தேதி நர்கிஸ் புயல் அடித்தது. எங்கள் வீட்டுத் தகரக்கூரை பறந்து அடுத்த தெருவில் கிடந்தது. அதைப் பெரிய நஷ்டம் என்று மூன்று நாள் பேசிக்கொண்டிருந்தோம். பிறகுதான் டெல்டாவிலிருந்து செய்தி வர ஆரம்பித்தது. இந்துமதி தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். மூன்றாம் நாளே ஊருக்குக் கிளம்பிவிட்டாள், பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறது என்றார்கள். பெட்டி இருக்கிறதென்றால் திரும்பி வருவாள் என்று அர்த்தம். அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

மே கடைசியில் வகுப்பு திறந்தார்கள். படகு நகர்வதையும் தண்ணீர் ஏறுவதையும் அவள் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தாள். புள்ளிக் கணக்கும் படங்களும் மட்டும் பாக்கி. இதை இப்போது செய்யலாமா என்று முதல் இரண்டு நாள் கை ஓடவில்லை. மூன்றாம் நாள் ஓடியது. வேலை நன்றாக வந்தபோது, வெட்கமாக இருக்கிறது சொல்ல, சந்தோஷமாகவும் இருந்தது.

சிங்கப்பூர் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் வந்து கேம்களைப் பார்க்கப்போகிறார், பிடித்தவர்களுக்கு அங்கே வேலை கிடைக்கும் என்று ஜூன் நடுவில் ஸயா சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முகப்பில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டுமா என்று கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான். அவள் இனி வரமாட்டாள் என்று நான் சொன்னேன். அன்று மத்தியானம் அவள் பெயரை அழித்தேன். ஒரு வரி, எட்டு முறை அழிப்பு விசையைத் தட்டினால் போதும்.

சிங்கப்பூர்க்காரருக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. சரியான நேரத்தில் வந்திருக்கிறது என்றார். வாப்பா எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க அலைய ஆரம்பித்தார்.

ஜூலை இரண்டாம் வாரம் இந்துமதி வந்தாள். கறுத்து, கழுத்தெலும்பு தெரிய, யாரோ கொடுத்த பெரிய சட்டையோடு லேப் வாசலில் நின்றாள். எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். அப்பா, அம்மா, தம்பி, மூன்று பேரும் இல்லை என்று அவளே சொன்னாள். அம்மாவின் உடல் மட்டும்தான் கிடைத்ததாம். என் மேசையில் கேம் திறந்திருந்தது. மூடுவதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

முகப்பில் என் பெயர் மட்டும் இருந்தது. அதைப் படிக்க வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். பிறகு விளையாட ஆரம்பித்தாள். படகு நெல்மூட்டையைத் தொட்டதும் மணி அடித்து எண் ஏறியது.

"நெல்லுக்கு இருபதேதான் வச்சிருக்கே."

"நீதானேடி சொன்னே."

"ஆமா," என்றாள். "நாந்தான் சொன்னேன்."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் தண்ணீர் தானாக ஏறி முடிந்தது. சிங்கப்பூரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் வந்தது கேமுக்காக இல்லை. வகுப்பில் சேர்ந்தபோது குடும்பப் பதிவுத்தாளின் நகல் ஒன்று கொடுத்திருந்தாள், வீட்டிலுள்ள எல்லார் பெயரும் எழுதி முத்திரை வைத்த தாள். ஊரில் அசலும் போய், அதை வைத்திருந்த அலுவலகமும் போய்விட்டது. அவர்கள் பெயர் இருக்கிற காகிதம் இனி அது ஒன்றுதான். ஆபீஸ் அக்கா, கோப்பிலிருந்து எதையும் வெளியே கொடுக்க விதி இல்லை, வேண்டுமானால் பிரதி எடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடு என்றாள். இருவரும் எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். ஜெனரேட்டரில் ஓடுகிற பழைய மெஷின். நகலின் நகல் சாம்பல் நிறத்தில் வந்தது. மூன்று முறை எடுத்தும் அப்படியேதான்.

கோப்பிலிருந்த நகலை மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ் நிறுத்தத்து மேடையில் உட்கார்ந்து அவள் என்னிடம் பேனா கேட்டாள். மங்கிப்போன பர்மிய எழுத்துக்களின் மேலேயே மெதுவாக எழுதினாள். சிதம்பரம். தெய்வானை. தியாகராசன். காற்றில் பறக்காமல் தாளின் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். நான்காவது வரியில் அவள் பெயர். அதுவும் மங்கல்தான். அவள் மூடியைப் போட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"இன்னொண்ணும் எழுதேன்டி," என்றேன்.

"நான்தான் இருக்கேனே," என்றாள்.

பஸ் வந்துவிட்டது. மை காயாததால் தாளை மடிக்காமல் இரண்டு கைகளிலும் ஏந்தியபடி ஏறினாள். கம்பியைப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை. கண்டக்டர் உள்ளே போ, உள்ளே போ என்று முதுகில் தள்ள, கூட்டத்துக்கு மேலே அந்த வெள்ளைத் தாள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.