பெரியவரும் தனிக்குடித்தனமும்

“என் திரை நத்தையா ஊருது. அங்க என்னதான் பண்றீங்க?”

“மொத்த புரோகிராமையும் ஓட்டிப் பாக்கிறேன். இது முடியிற வரைக்கும் யாருக்கும் வேலை நகராது. வாங்க, டீ குடிக்கலாம்.”

கல்யாணத்துக்கு முன்னால், அலுவலகத்தில் அவள் கேட்டு, பின்னால் அவள் கணவரான அவர் பதில் சொன்ன முதல் பேச்சு அது. அப்போது அவர்களுடைய மென்பொருள் குழு முழுவதற்கும் ஒரே கணினிதான். மேசைக்கு மேசை திரையும் விசைப்பலகையும் மட்டும். கண்ணாடி அறைக்குள் உறுமிக்கொண்டிருந்த அதற்குப் ‘பெரியவர்’ என்று பெயர். ஒருவர் கனமான வேலை கொடுத்தால் மற்றவர்களுக்கு மூச்சு முட்டும். திரை மெதுவாகும்போதெல்லாம், ‘அவர் வேலையை ஆரம்பித்துவிட்டார்’ என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கொள்வாள்.

கல்யாணத்துக்குப் பிறகு, ஆளுக்கொரு கணினி வேண்டும் என்று கூட்டத்தில் வாதாடி வென்றதும் அவள்தான்.

“கூட்டுக் குடும்பம் போதும்னு மருமக சொல்லியாச்சு. இனிமே தனிக்குடித்தனம்தான்” என்று குழுத் தலைவர் கிண்டலடித்தார். அவள் கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

புதுக் கணினிகள் சிட்டாய்ப் பறந்தன. ஆளுக்கொரு அறை, சாத்திய கதவு. சேர்ந்து டீ குடிக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. வீட்டிலும் பேச்சு பால், சாவி, துவைத்த துணி என்று சுருங்கியது. போதாக்குறைக்கு, வலைப்பின்னல் இருக்கும்போது எங்கிருந்தும் வேலை பார்க்கலாமே என்று, வேறு ஊர்க் கிளைக்குப் போக அவர் சம்மதித்திருந்தார். திங்கட்கிழமை பயணம். போகத்தான் வேண்டுமா என்று கேட்பதை அவள் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, குழுவின் பொதுச் சேமிப்பில் இருந்த புரோகிராம் கோப்பைத் தன் கணினியில் இறக்கிக்கொண்டாள். மதியம்தான் கவனித்தாள். அவள் நாள்கணக்கில் செய்து பொதுவில் ஏற்றியிருந்த திருத்தங்களைக் காணோம். அவர் தன்னிடமிருந்த பழைய பிரதியில் வேலை செய்து, அதைப் பொதுவில் இருந்ததன் மேல் போட்டிருந்தார். அதை இறக்கியதில் அவளுடைய பிரதியும் அழிந்துவிட்டது. பெரியவரிடம் என்றால், ஒருவர் கை வைத்த கோப்பை இன்னொருவர் திறந்ததுமே, ‘இது இன்னாரிடம் இருக்கிறது’ என்று திரையே சொல்லிவிடும்.

விளக்கணைந்த கண்ணாடி அறையைத் தாண்டி வேகமாக நடந்தாள். அவர் அட்டைப் பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது.

“நீயும் அதுல கை வச்சிருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

சண்டைக்கு வந்தவள், பாதி நிரம்பிய பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தாள்.

“சரி, இப்பச் சொல்றேன். நீங்க போக வேண்டாம். என் அறையில இன்னொரு மேசை போட்டுக்கலாம். என் பக்கத்துலயே இருங்க.”