காவடிக் கொக்கியில் விழுந்த கொடுவா

1927ஆம் வருடம் பங்குனியில் மலாயாவின் போர்ட் சுவெட்டன்ஹாம் கரையில் தம்புசாமி பிடித்த கொடுவா மீன் சாகவில்லை. பத்து மாதம் கழித்து, தைப்பூசத்தன்று, அது அரை டிக்கெட்டில் ரயிலேறி பத்துமலை முருகன் கோவிலுக்குப் போனது. டிக்கெட் பார்த்த இக்னேஷியஸே சாட்சி. அவர் மாதாகோவில் ஆள். முருகனுக்காகப் பொய் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

தம்புசாமி துறைமுக ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிறவன். மீன் பிடிப்பதில் பைத்தியம் என்றால் அப்படியொரு பைத்தியம். புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம். கரண்டியின் காம்பை வெட்டித் தூண்டில்முள் மாட்டி, கயிற்றில் கட்டி வீசி இழுத்தால், மினுக்கத்தைப் பார்த்துக் குஞ்சு மீன் என்று நம்பிப் பெரிய மீன் கவ்வும் என்பதை ஒரு கப்பல் துரை செய்யப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அவன் வீட்டில் கரண்டி தங்கவில்லை. பெண்சாதி தனலெட்சுமி கொட்டாங்குச்சி அகப்பையில்தான் குழம்பு ஊற்றினாள். அவளுக்குப் பிறந்த முதல் இரண்டும் காய்ச்சலில் போய், மூன்றாவதாக இராஜம்மா தங்கினாள். பிள்ளை நிலைத்தால் மூன்று தைப்பூசம் அலகுக் காவடி எடுப்பதாகத் தம்புசாமி நேர்ந்திருந்தான். இரண்டு முடிந்திருந்தது. முதுகில் குத்தும் வெள்ளிக் கொக்கிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குட்டி வேல் தகட்டோடு, சாமி மாடத்தில் விபூதிக்குள் இருக்கவேண்டியவை. நேர்த்தி முடியும்வரை வேறெதற்கும் தொடக்கூடாது.

அன்றைக்கு அவற்றைப் பக்கத்துக் கிள்ளான் ஊர்த் தட்டானிடம் தீட்டி வாங்கிக்கொண்டு வந்தவன் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. காற்று விழுந்து, கடல் தாம்பாளத்துத் தண்ணீராகக் கிடந்த சாயங்காலம். ஒரு வாரமாக அவனுக்குப் போக்குக் காட்டிய கொடுவா கண்ணெதிரே புரண்டது; கரண்டியை வீசினான்; கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மடியில் வெள்ளி மினுமினுத்தது. ஒரே ஒரு தடவைதானே என்று ஒரு கொக்கியை எடுத்துக் கட்டி வீசினான். மீன் துள்ளவில்லை, இழுக்கவில்லை. கோவிலுக்கு வருகிற மாதிரி அமைதியாகக் கரைக்கு வந்தது. கொக்கியைக் கழற்றியபோது ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

தனலெட்சுமி அதை அரிவாள்மனையில் வைத்து அழுத்தினாள். செதில்கூட உரியவில்லை. மீன் அவளையே பார்த்தது. உதட்டில் இருந்த சின்னத் துளையைக் கண்டதும் அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள். புருஷன் முதுகில் இரண்டு வருஷம் விபூதி அப்பியவளுக்கு அந்தத் துளை தெரியாதா?

"ஏங்க, எந்தக் கொக்கியில புடிச்சீங்க?"

அவன் சொன்னான்.

"அடப் பாவி மனுசா! நேந்துகிட்ட கொக்கியைக் கொண்டுபோயா கடல்ல போட்டீங்க? சாமி எம்புள்ளைய எடுத்துக்கிட்டா என்னா பண்ணுவீங்க?"

மறுநாளே இராஜம்மாவுக்கு உடம்பு கொதித்தது. காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஞ்சித் தண்ணீரை வற்புறுத்தித்தான் புகட்ட வேண்டியிருந்தது. "இப்ப அந்த மீனும் காவடிதான். அது மலையேறாம புள்ளைக்கு விடியாது" என்று தனலெட்சுமி தீர்த்துச் சொல்லிவிட்டாள். மீனைக் குளிக்கிற தொட்டியில் விட்டார்கள். பத்து மாதம் பிள்ளை பிழைக்கவும் இல்லை, போகவும் இல்லை. தம்புசாமி கடல் பக்கமே திரும்பவில்லை. என் கையால் என் பிள்ளையைக் கொன்றுவிட்டேனே என்று தொட்டியோரம் உட்கார்ந்து அழுவான். விரதம் தொடங்கிய அன்று போட்ட இறாலை மீன் மூக்கால் ஒதுக்கிவிட்டுத் தயிர்சோற்றுப் பருக்கையைத் தின்றது.

தைப்பூசத்தன்று விடியற்காலை மீன் தொட்டியிலிருந்து எழும்பி, தம்புசாமியின் தோள் உயரத்தில் ஈரம் சொட்ட நின்றது. காற்றில் நீந்தி அவன் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்தது. கூட்டத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவரவர் காவடி அவரவருக்கு. இக்னேஷியஸ்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"மூணடிகூட இல்லையே. அரை டிக்கெட் போதும்லா" என்றார்.

பத்துமலையில் இறங்கி ஆற்றில் குளித்ததும் பண்டாரம் தம்புசாமிக்குக் குத்தி முடித்து, மிச்சம் வைத்திருந்த அந்த ஒரு கொக்கியை மீனுக்கு, உதட்டின் பழைய துளையிலேயே குத்தினார். அதில் சின்னப் பால்செம்பு தொங்கியது. மரப்படியில் மீன் முன்னால் போக, தம்புசாமி பின்னால் ஆட, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தனலெட்சுமி கடைசியாக ஏறினாள். மேலே பாலை ஊற்றிக் கொக்கியைக் கழற்றி விபூதி அப்பினார்கள். அப்போது தோளில் கிடந்த இராஜம்மா தலையைத் தூக்கினாள்.

"அம்மா, பசிக்குது."

தனலெட்சுமி அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தம்புசாமி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், குளிர்ந்திருந்தது. மீன் தானாகப் படியிறங்கி ஆற்றோடு போய்விட்டது. திரும்பும்போது அரை டிக்கெட் வீணானது.

தம்புசாமி பழையபடி கரண்டி வீசினான். உதட்டில் விபூதிக் கீற்றோடு ஒரு கொடுவா கரையோரம் வந்தால், கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் வீசுவான். இராஜம்மா வளர்ந்து கல்யாணமாகிக் காஜாங்கில் குடியேறும்வரை அந்த வீட்டில் தினம் மீன்குழம்புதான். கொடுவா மட்டும் ஆக்குவதில்லை. யாராவது கேட்டால் தனலெட்சுமிக்குக் கோபம் வந்துவிடும்.

"நம்மகூட காவடி எடுத்தவங்களையே ஆக்கித் திங்கிறதா? நல்லா கேட்டீங்க!"