இடப்பக்கம் திரும்பாத கழுத்து

அப்பா, அம்மா, அக்கா, மாமா, எல்லோருக்கும். உங்கள் சின்னவன் பேசுகிறேன். வயது இருபத்து நான்கு. இருக்கிற இடம், சலவைக் கடைக்கு மேலே உள்ள அறை. கட்டிலில் மல்லாந்து படுத்து, போனை நெஞ்சின் மேல் வைத்துப் பேசுகிறேன், நான் சொல்லச் சொல்ல அதுவே எழுதிக்கொள்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் இந்தப் போன் குழம்பிப் போகிறது. அதனால் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். நல்ல செய்திதான். நடுவில் பயப்படுகிற மாதிரி ஓர் இடம் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

விஷயம் என் கழுத்து.

ஹோட்டலில் எனக்கு அறை சுத்தம் செய்கிற வேலை. அதில் பெரிய பாடு மெத்தைதான். ஒவ்வொரு மூலையாகத் தூக்கி விரிப்பை அடியில் செருக வேண்டும். சுருக்கம் தெரிந்தால் மேற்பார்வை அம்மா மொத்தத்தையும் உருவிப் போட்டுவிடுவார். நான் எப்போதும் வலது கையால்தான் தூக்குவேன். போன திங்கட்கிழமை அப்படித் தூக்கியபோது கழுத்தில் சுரீரென்றது. அவ்வளவுதான், இனி இடப்பக்கம் திரும்புவதில்லை என்று கழுத்து அடம்பிடித்துவிட்டது. அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் அலமாரியை நகர்த்துகிற மாதிரி முழு ஆளும் நகர்ந்துதான் பார்க்க வேண்டும்.

வேறு சமயமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை வேன் ஓட்டுகிற லைசென்ஸ் டெஸ்ட். தேறினால் ஹோட்டல் வேனுக்கு நான்தான் டிரைவர் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மெத்தைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம். தேறாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்கு. டெஸ்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும், கண்ணாடியில் பார்த்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மாமா வேறு அதற்குள் எல்லோரிடமும் "என் மச்சினன் டிரைவர் ஆயிட்டான்" என்று சொல்லி முடித்திருந்தார்.

என் அறையில் கூட இருக்கிறவனைத் தெரியுமல்லவா, தள்ளுபடி? விலை குறையாமல் எதையும் வாங்க மாட்டான், அதனால் அந்தப் பெயர். அவன்தான் யோசனை சொன்னான்.

"டேய், பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி ஒரு மசாஜ் கடை இருக்கு. அஞ்சு தடவைக்கும் சேத்துக் கட்டினா பாதி வெல. இன்னிக்குத்தான் கடைசி நாள்."

"அந்த ஆளுக்கு வேலை தெரியுமாடா?"

"பாதி வெலைக்கு வேலையும் தெரியணுமா? ஆசையப் பாரு."

போனேன். சுவரில் அருவிப் படம், மேஜையில் பிளாஸ்டிக் பூ. மசாஜ் செய்கிறவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஐந்து தடவைக்கும் பணத்தை வாங்கிக்கொண்டு, ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, கட்டிலைக் காட்டினார். குப்புறப் படுத்ததும் முழங்கையைக் கழுத்தில் ஊன்றிவிட்டார்.

"எப்படி இருக்கு?"

அம்மா, இங்கேதான் உங்கள் வளர்ப்பு என்னைக் கவிழ்த்தது. யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும், உப்பே போடாமல் இருந்தாலும், நல்லா இருக்கு என்று சொல்லித்தானே நமக்குப் பழக்கம்? "நல்லா இருக்குண்ணே" என்றேன். அவர் சந்தோஷமாகி இன்னும் ஊன்றினார்.

"இப்போ?"

"ரொம்ப நல்லா இருக்குண்ணே." கண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

எழுந்தபோது கழுத்து வலப்பக்கமும் திரும்பவில்லை. பயப்படுகிற இடம் என்று சொன்னேனே, அது இதுதான். அன்றைக்கே அக்காவுக்குப் போன் அடித்தேன். கேட்டதும் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்துச்சு?"

"அவரு மனசு கஷ்டப்படுமேக்கா."

"ஆமா, அவரு மனச நீ பாரு, ஒன் கழுத்த நாங்க பாக்கறோம். இங்க பாரு, இனிமே படிச்ச ஆளாத் தேடிப் போ. மாப்பிள்ளை பாக்கற மாதிரி தோண்டித் துருவி விசாரி. எங்க படிச்சாங்க, பதிவு பண்ணியிருக்காங்களா, எத்தனை வருஷ அனுபவம், எல்லாம் கேளு. எனக்குப் பாத்தப்ப யாரும் ஒண்ணும் கேக்கல, நான் அனுபவிக்கிறேன்."

"நான் இங்கதான் ஒக்காந்திருக்கேன்" என்று மாமாவின் குரல் கேட்டது.

புதன்கிழமை வேறொரு இடம் பிடித்தேன். மருந்துக் கடையின் மாடியில், வெள்ளை விரிப்புப் போட்ட ஒரே கட்டில். அங்கே மசாஜ் செய்கிற தெரபிஸ்ட்டுக்கு அக்கா வயதுதான் இருக்கும். விலையைப் போனிலேயே சொல்லியிருந்தார்கள், முதல் கடையைப் போல மூன்று மடங்கு. அதனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்விகளைத் தொடங்கிவிட்டேன். எங்கே படித்தார், எத்தனை வருடமாகச் செய்கிறார் எல்லாம் பொறுமையாகச் சொன்னார். பதிவு எண்ணைக் கேட்டதும் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். அவர் முன்னாலேயே போனில் போட்டுச் சரிபார்த்தேன். காது இரண்டும் சுட்டது.

"பாத்துட்டீங்களா? அந்தப் போட்டோல கொஞ்சம் குண்டா இருப்பேன். ஆனா நான்தான்."

பதற்றத்தில் அடுத்த கேள்வி தானாக வழுக்கி விழுந்தது. "இந்த எடம் சொந்தமா, வாடகையா?"

"வாடகைதான். அடுத்து சம்பளமா?" என்று கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தார். "பரவால்ல, நல்லாக் கேளுங்க. வர்றவங்க பாதிப் பேரு வெலைய மட்டும்தான் கேக்கறாங்க. இப்ப என் முறை."

அவர் கேட்டது என்னைவிட அதிகம். எங்கேயாவது விழுந்தேனா, மாத்திரை சாப்பிடுகிறேனா, எந்தக் கையால் மெத்தை தூக்குகிறேன், எத்தனை தலையணை. கை மரத்துப் போகிறதா என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். "மரத்துச்சுன்னா நான் தொட மாட்டேன், டாக்டர்கிட்டதான் அனுப்புவேன்" என்றார்.

முழு உடம்புக்கும் ஒரு மணி நேரம் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். "கழுத்தும் தோளும்தான் புடிச்சிருக்கு. அரை மணி போதும், பாதிப் பணம் குடுங்க. ஒடம்பு முழுக்க வேணும்னா லீவு நாள்ல ஆசைக்கு வாங்க."

"அஞ்சு தடவைக்கும் சேத்துக் கட்டணுமா மேடம்?"

"இந்தத் தடவை முடியட்டும். அப்புறம் கழுத்து என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்."

படுத்தேன். கட்டைவிரலால் தேடித் தேடி ஓர் இடத்தில் நிறுத்தி அழுத்தினார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம்."

கையை எடுத்துவிட்டார். "வாய் நல்லா இருக்குங்குது. கால் கட்டைவெரல் ரெண்டும் வெறைச்சுக்கிட்டு நிக்குது. நான் யார நம்பட்டும்?"

கட்டைவிரல்களை மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை. அப்புறம் சொன்னேன். "வலிக்குது மேடம். கொஞ்சம் மெதுவா."

வானம் இடிந்து விழவில்லை. அவர் முகமும் வாடவில்லை. மெதுவாக அழுத்தினார், அவ்வளவுதான். "இதத் தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். மரியாதைக்கு இல்ல" என்றார். அதற்குப் பிறகு வாய் நிற்கவே இல்லை. இங்கே வலிக்குது, அங்கே பரவாயில்லை, அது சுகமா இருக்கு, இன்னும் கொஞ்சம். பாதியில் தூங்கிவிட்டேன். குறட்டையும் விட்டேனாம்.

வெள்ளிக்கிழமைக்குள் முழுசாகச் சரியாகும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. கழுத்தை மட்டும் முறுக்காமல் இடுப்பிலிருந்து தோளோடு சேர்த்துத் திரும்புவது எப்படி என்று நாற்காலியில் உட்கார வைத்துப் பழக்கி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை. வேனில் பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி, தலை நிமிராமல் கேட்டார். "ஒடம்பு நல்லாத்தானே இருக்கு? ஓட்டலாமா?"

நல்லா இருக்கு சார் என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஷூவுக்குள் கட்டைவிரல் விறைத்தது.

"சார், கழுத்து எடப்பக்கம் முழுசாத் திரும்பாது. ஒடம்போட சேந்துதான் திரும்புவேன். கெளம்பறதுக்கு முன்னாடி நீங்களே பாத்துக்கங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "எங்க, திரும்புங்க."

இடுப்பு, தோள், முகம் என்று வரிசையாகத் திரும்பினேன்.

"என்ன தெரியுது?"

"பின்னாடி ஒருத்தரு ஷூ லேஸ் கட்றாரு சார். இன்னும் ஒரு கால் பாக்கி."

"கெளம்புங்க" என்றார்.

ஒவ்வொரு திருப்பத்திலும் அப்படித்தான் திரும்பினேன். இறங்கும்போது அவர் சொன்னார், "பாதிப் பேரு கண்ண மட்டும் உருட்டிட்டு, பாத்துட்டேன்னு சொல்லுவாங்க. நீங்க ஆளே திரும்பிப் பாக்கறீங்க. பாஸ்."

நான் போட்ட சத்தத்தில் அவர் காதைப் பொத்திக்கொண்டார். மாமா, நீங்கள் எல்லோரிடமும் சொன்னது இப்போது உண்மை. திங்கட்கிழமையிலிருந்து வேன் என் கையில். மேற்பார்வை அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போவேன், சீட்டில் சுருக்கம் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும்.

மீதியிருந்த நாலு தடவையை வீணாக்கக் கூடாது என்று தள்ளுபடி என் அட்டையை வாங்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனான். ஒரு தடவைதான். இப்போது அவனும் அலமாரி மாதிரி நகர்கிறான். அட்டை எங்கள் அறை மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே நன்றாக வேலை செய்கிறது.

அப்பா, உங்கள் முழங்கால் எப்படி என்று கேட்டால் நீங்களும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வீர்கள். அக்கா, அப்பாவின் வாயைக் கேட்காதே, கால் கட்டைவிரலைப் பார். தெருமுனையில் தைலம் தேய்க்கிறவரிடம் விட வேண்டாம். முறையாகப் படித்த, தொடுவதற்கு முன் நாலு கேள்வி கேட்கிற ஆளிடம் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.