இரண்டாம் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தவள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் பேன்ட்டிலிருந்து பிறந்தது. நீளமாக இருந்த ஒரு பேன்ட்டைக் குறைக்கக் கொடுக்கலாமென்று ஆல்டரேஷன் கடைக்குப் போயிருந்தேன். (பேன்ட் நீளமில்லை, நான்தான் குட்டை. முதல் பத்தியிலேயே பொய் சொன்னால் கதை விளங்கின மாதிரிதான்.) கடையிலிருந்த பெண் தையல் மெஷினின் சின்ன விளக்கடியில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். காக்கி அட்டை போட்ட புத்தகம். நான் செருமியதும், படித்த பக்கத்தில் ஒரு துண்டுத் துணியை வைத்து மூடினார்.

"சார், நீங்க மாயாஜாலக் கதையெல்லாம் படிப்பீங்களா? இதுல எல்லாரும் எல்லார் மேலயும் ஏற்கெனவே கோவமா இருக்காங்களே, அது ஏன்?"

எனக்குத் தெரியவில்லை. பேன்ட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சனிக்கிழமை அதை வாங்கப் போனேன். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் கடைசியில் சொல்கிறேன். நடுவில் வருவதெல்லாம் அந்தச் சனிக்கிழமையை வைத்து நான் சேர்த்த கைச்சரக்கு. நேரில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

2

எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

"மணிக்கூண்டு எரிந்துகொண்டிருந்தது. அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே" (வேண்டாம். எரிகிற மணிக்கூண்டு அந்தப் புத்தகத்தின் சொத்து.)

"அவள் அந்த வீட்டுக்குச் சித்தியாக வந்து" (இதுவும் வேண்டாம். சித்தி என்ற சொல்லைக் கதைகள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பார்த்ததுமே நீங்கள் விஷப் புட்டியைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். தையல்காரி என்றே சொல்கிறேன்.)

சுற்றி வளைக்காமல் சொன்னால் இதுதான். தையல்காரி ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு, அவரும் அவர் மகளும் இருந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மகளுக்குப் பதினைந்து வயது. அவளைப் பெற்ற அம்மா நோயில் போய்விட்டார். மகள் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. "சரிங்க", "வேணாங்க", "சாப்பிட்டாச்சு". இதையே மாற்றி மாற்றிப் போட்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். நடுவழியில் நிற்கிற லிஃப்ட்டையெல்லாம் கிளப்பிவிடுகிற மனிதருக்கு, தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தையல்காரிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண் தன்னோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வேண்டும்.

3

மகளின் அலமாரியில் ஒரே மாதிரி அட்டை போட்ட மூன்று தடிப் புத்தகங்கள் இருந்தன. முத்தொகுதி. மகள் அவற்றைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். "இதுல ஒண்ணு எடுத்துக்கவா?" என்று தையல்காரி கேட்டாள். தலை தூக்காமலே "சரிங்க" வந்தது. கைக்கு வந்ததை உருவினாள். வந்தது இரண்டாவது.

(இந்த இடத்தில் என் மனைவி குறுக்கிட்டாள். "ரெண்டாம் பாகம்னு உள்ள போட்டிருக்காதா? இதெல்லாம் ஒரு கதையா?" போட்டிருந்தது. ஆனால் ஆல்டரேஷன் வேலை செய்கிறவர்கள் லேபிளைப் பார்ப்பதில்லை. லேபிள் சொல்கிற அளவும் துணியின் அளவும் என்றைக்கும் ஒத்துப்போகாது. சட்டையை உள்பக்கம் திருப்பி நேரே தையலுக்குப் போய்விடுவார்கள். அவளும் முன்பக்கங்களைத் தள்ளிவிட்டு 'அத்தியாயம் ஒன்று' என்ற இடத்தில் இறங்கிவிட்டாள். யாரோ தைத்ததை நடுவில் வாங்கி வேலை பார்ப்பதுதான் அவள் தொழில். தலைகால் புரியாமல் ஆரம்பிப்பது அவளுக்கு உறுத்தவே இல்லை.)

புத்தகத்தில் மணியடிப்பவரின் மகள் பனிமலையை நோக்கி நடக்கிறாள். சற்றுப் பின்னால் ஒரு காவலாளி வருகிறான். அவளுக்கு முன்பே எழுந்து நெருப்பு மூட்டுகிறான், ஓநாய்களை விரட்டுகிறான், அவள் தவறவிட்ட கையுறையைத் தேடிப் போகிறான். அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. தையல்காரி ஜிப்புகளுக்கும் பட்டன்களுக்கும் நடுவே படித்துப் படித்து, முழுசாக அவன் கட்சிக்குப் போய்விட்டாள்.

(நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அந்த ஒப்புமையை நான் எழுதப்போவதில்லை. அவளுக்கே அது தோன்றவில்லை. நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்?)

4

சாப்பிடும்போது அவள்தான் ஆரம்பித்தாள்.

"அந்தக் காவலாளி பாவம். இவ்வளவு செய்யறாரு, அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவா?"

மகளின் கை தட்டிலேயே நின்றது.

"பாவமா? அவனா?" பொரிந்து தள்ளிவிட்டாள். "கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்து விட்டதே அவன்தாங்க! அவனாலதான் ஊரே எரிஞ்சுது, மணிக்கூண்டே போச்சு! அவனைப் போய்ப் பாவம்ங்கறீங்க?"

"கதவா? பாதிக்கு மேல படிச்சிட்டேன், கதவே வரலியே."

மகள் எழுந்து போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து திறந்து பார்த்தாள்.

"ஐயோ, இது ரெண்டாவதுங்க! அப்ப அந்தப் பொண்ணு கூடவே நடக்கற மந்திரக்காரி யாருன்னு நினைச்சீங்க?"

"அந்தப் பொண்ணோட அத்தைன்னு நினைச்சேன்."

"அத்தையா!" விழுந்து விழுந்து சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. லிஃப்ட் மெக்கானிக் சாப்பிடுவதை மறந்து இருவரையும் பார்த்தார். தையல்காரிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டாள்.

"அப்ப முதல் புத்தகத்தைக் குடேன், ஒழுங்கா ஆரம்பிச்சிடறேன்."

சிரிப்பு நின்றுபோனது.

"அது அம்மா எனக்குப் படிச்சுக் காட்டினது. அதைத் தர மாட்டேன்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சாப்பிட்டாச்சு."

தையல்காரிக்கு அழுகை வந்தது. விளையாட்டாக எழுதவேண்டிய கதை இது என்பதற்காக அதை மறைக்க முடியாது.

5

முடிவு அ: மறுநாள் காலை, முதல் புத்தகம் தையல் மெஷின் மேல் இருக்கிறது. உள்ளே ஒரு பூ (அடித்துவிட்டேன். பல் கூசுகிறது.)

முடிவு ஆ: தையல்காரி அதைக் கடையில் வாங்கிப் படித்துவிடுகிறாள். நியாயம்தானே? அவளைப் புத்தகக் கடைக்கே அனுப்பினேன். அலமாரி முன் நின்றாள், எடுத்தாள், பின்னட்டையைக்கூடப் பார்க்காமல் திரும்ப வைத்துவிட்டாள்.

"ஏம்மா, வாங்கிட வேண்டியதுதானே?" என்று நானே கேட்டேன்.

"யாரும் சொல்லாத தையலை நான் பிரிக்க மாட்டேன் சார்."

"புத்தகம் எல்லாருக்கும் பொதுதானே?"

"கடையில இருக்கிறது பொது. நான் கேட்டது அது இல்லையே."

அவ்வளவு தூரம் பஸ் ஏற்றி அனுப்பிவைத்த என் பேச்சுக்கு அவள் கொடுத்த மரியாதை இது.

முடிவு இ: இதை அவளே எழுதிக்கொண்டாள், நான் சும்மா பின்னால் போனேன். முதல் புத்தகத்தைப் பற்றி அவள் மறுபடி மூச்சு விடவில்லை. இரண்டாவதையே தொடர்ந்தாள். சாப்பிடும்போது, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், "இன்னிக்கு மறுபடி ஓநாய் வந்துச்சு" என்பாள். "சரிங்க." மறுநாள், "கையுறை கிடைச்சிடுச்சு. ஒரு கையுறைக்கா அந்தப் பொண்ணு இப்படி அழணும்?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது யாருடைய கையுறை என்று முதல் புத்தகம் படித்த அவளுக்குத் தெரியும். தெரிந்த கதையை ஒருவர் தப்புத் தப்பாகப் படிப்பதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பது வாசகர்களால் ஆகிற காரியமா? நீங்களே சொல்லுங்கள்.

6

சனிக்கிழமை. இது கைச்சரக்கு இல்லை.

கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரு பெண்குரல் கேட்டது. வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில், பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் புத்தகம் எதுவும் இல்லை.

"நடுவுல கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல? முதல்ல இருந்துதானே சொல்லிட்டு வரேன்."

"சரி, கேக்கல."

"கோட்டைக்கு வெளியில எதிரித் தளபதி நிக்கறான். இந்த இடத்துல அம்மா கட்டைக் குரல்ல பேசுவாங்க. 'யாரங்கே, கதவைத் திற'ன்னு. இருங்க." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "யாரங்கே..." குரல் பாதியில் உடைந்தது. "எனக்கு அவங்க மாதிரி வராது."

"உனக்கு வர்ற மாதிரியே சொல்லு."

மடியிலிருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு தன் சொந்தக் குரலிலேயே சொன்னாள். "காவலாளி சாவியை எடுத்தான். ஆனா..."

அந்த 'ஆனா'வில் நான் உள்ளே காலை வைத்துத் தொலைத்தேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். டிவிக்கு முன்னால் வந்து நிற்கிறவனைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. தையல்காரர் எழுந்து பேன்ட்டை எடுத்துக் கொடுத்தார். "வெட்டலை சார், உள்ள மடிச்சுத்தான் தச்சிருக்கேன். வேணும்னா பின்னால பிரிச்சு விட்டுக்கலாம்." நான் இனிமேல் வளரப்போவதில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

"வேற ஏதாவது இருக்கா சார்?"

இல்லை. வெளியே வந்து, பேன்ட்டைப் பரிசோதிக்கிற பாவனையில் கொஞ்சம் நின்றேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். நடையைக் கட்டினேன்.

ஆகவே அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன என்பது எனக்குத் தெரியாது. முதல் புத்தகம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. நானும் வாங்கவில்லை. உங்களுக்கு முடிவு தெரிந்தே ஆக வேண்டுமென்றால், நீளமான பேன்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு நீங்களே அந்தக் கடைக்குப் போய்க்கொள்ளுங்கள். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் தாராளமாக உள்ளே போகலாம். கேட்கவில்லையென்றால், தயவுசெய்து, கொஞ்ச நேரம் வெளியிலேயே நில்லுங்கள்.