சுவருக்கு அப்பால் நாற்பது அடி

காற்றைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் போக அரசாங்கம் ஓர் ஆளை அனுப்பியிருக்கிறது என்று தெரிந்த அன்று எங்கள் சுரங்கத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. "கரி அள்ளி அள்ளி நமக்கு முதுகு போச்சு. காத்த அள்ளுறதுக்கு ஒருத்தனுக்குச் சம்பளமாம்" என்றான் என் மனைவியின் தம்பி காஷ்பர். அவனோடு ஒட்டிப் பிறந்த மாதிரியே திரியும் இளையவன் வெண்டல், "நீ விடுற காத்தப் பிடிச்சா குழாயே வெடிச்சிரும்ணே" என்றான். நானும் சிரித்தேன். அந்த ஆளுக்கு எடுபிடியாக என்னையே போடுவார்கள் என்று அப்போது தெரியாது.

வந்தவர் பெயர் லாரிமர். ஒல்லியான ரசாயனக்காரர். நாங்கள் ஸ்லோவாக் நாட்டிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் கரி வெட்ட வந்தவர்கள். கூட்டத்தில் நாலு வார்த்தை ஆங்கிலம் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த வினை என் நாக்கால் வந்தது. ஒரு கையில் அவருடைய மரப்பெட்டி, இன்னொரு கையில் மஞ்சள் குருவி இருந்த கூண்டு. இப்படியே இரண்டு வாரம் அவர் பின்னால் நடந்தேன்.

சுரங்கம் வெடித்தால் நெருப்பில் சாகிறவர்கள் கொஞ்சம், அதற்குப் பிறகு மிஞ்சும் காற்றைச் சுவாசித்துச் சாகிறவர்கள்தான் அதிகம் என்பார் லாரிமர். அந்த விஷத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எவ்வளவு விஷம் எத்தனை நிமிஷத்தில் ஆளைச் சாய்க்கும் என்று கண்டுபிடிக்கத்தான் அவர் அலைந்தார். பெட்டியில் இருந்த குழாய்கள் காற்றை உறிஞ்சி எடுத்து மூடியவை. நுனியை ஒடித்தால் அந்த இடத்துக் காற்று சட்டென்று உள்ளே ஏறும். மெழுகு வைத்து அடைத்து நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். குருவி எதற்கென்றால், மனிதனுக்கு முன்னால் அது விழும்.

எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. விளக்கு எரிந்தால் ஆள் பிழைப்பான், விளக்கு அணைந்தால் ஓடு. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த ரசாயனம்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஒரு முட்டுச் சந்தில் நானும் லாரிமரும் குழாய் ஒடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த காஷ்பர், மெல்லுவதற்குப் புகையிலை கேட்டு என்னிடம் வந்தான். தம்பியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். நான் பொட்டலத்தைப் பிரிக்கும்போது முதலில் காற்றுதான் வந்தது. மூன்று பேரையும் தூக்கிச் சுவரில் அடித்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது.

எழுந்து ஓடப் பார்த்த எங்களை லாரிமர் கழுத்துப்பட்டியைப் பிடித்து நிறுத்தினார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. ஓடினால் விஷத்துக்குள் ஓடுவோம், சந்தின் வாயை அடைத்து உள்ளே இருக்கும் நல்ல காற்றை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்றார். காற்றைத் திருப்ப அங்கே வைத்திருந்த படுதாவைத் தொங்கவிட்டு, பலகை சாத்தி, கரியை அடுக்கி, சாப்பாட்டு வாளிகளின் அடியிலிருந்த தண்ணீரில் மண் குழைத்து இடுக்கெல்லாம் பூசினோம். கூண்டு நுழையும் அளவு ஒரு ஓட்டை மட்டும் விட்டு, அதில் என் கோட்டைத் திணித்தோம். அணையாமல் தப்பியது வலை போட்ட விளக்கு ஒன்றுதான்.

வேலை முடிந்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டது. சுவருக்கு அடியில் ஓடும் தண்டவாளத்தில் இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு.

"வெண்டல்" என்றான் காஷ்பர். சுத்தியலை எடுத்துத் திருப்பித் தட்டினான். உடனே பதில் வந்தது. "உசுரோட இருக்கான் மச்சான். கால் மாட்டியிருக்கும், இல்லன்னா இந்நேரம் வந்திருப்பான். பிரி இத."

"இருடா மாப்ள. வெளிய விஷம்ங்கிறாரு."

"என்ன விஷம்? பாக்கலாமா?" என்று கோட்டைப் பிடுங்கி, விளக்கைக் கம்பில் மாட்டி ஓட்டை வழியாக வெளியே நீட்டினான். சுடர் ஆடாமல் அசையாமல் நின்றது. "எங்கப்பன் இப்படித்தான் பாத்தாரு. நாப்பது வருஷம் இருந்தாரு."

லாரிமர் கூண்டை அதே கம்பில் மாட்டி நீட்டினார். கையில் கடிகாரம். இரண்டு நிமிஷம் தாண்டிக் கொஞ்சம் ஆகியிருக்கும், குருவி பொத்தென்று விழுந்தது. அந்த ஓட்டையிலேயே ஒரு குழாயை ஒடித்து, மெழுகு வைத்து, நேரத்தை எழுதினார்.

"அந்தக் குருவி காலையிலயே ஒரு தடவ மயங்கி விழுந்துச்சு, நான் பாத்தேன்" என்றான் காஷ்பர். "நோஞ்சான் குருவிய நம்பி என் தம்பியச் சாகவிடணுமா? அவன் அங்க தட்டுறான்ல. செத்தவனா தட்டுவான்?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். லாரிமர் என்னிடம் சொன்னார். "அவர் சொல்றதுல ஞாயம் இருக்கு. மனுஷன் குருவியவிட அதிக நேரம் தாங்குவான். எவ்வளவு அதிகம்னு யாரும் இன்னும் அளந்ததில்ல. ஒரு நிமிஷமா இருக்கலாம், இருபதாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. இத அப்படியே அவர்கிட்ட சொல்லுங்க. போறதா வேண்டாமான்னு அவர்தான் முடிவு பண்ணணும்."

காஷ்பர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போனா சாவுன்னு சொல்றாரு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மைத்துனன் மேல் இருந்த பாசம் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். சுவரைப் பிரித்தால் அந்தக் காற்று என் மூக்குக்கும் வரும். எனக்கு உயிர்மேல் ஆசை. குகையில் அடைபட்ட பெருச்சாளிக்கு என்ன பாசம்?

காஷ்பர் சுவரில் பாய்ந்தான். நான் அவன் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். முதுகில் ஏறி உட்கார்ந்தேன். என் கையைக் கடித்தான், விடவில்லை. தண்டவாளம் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு, இடைவெளி, இரண்டு. லாரிமர் ஒவ்வொரு தட்டுக்கும் புத்தகத்தில் ஒரு கோடு போட்டார். வேறு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு தட்டு மட்டும் கேட்டது. அடுத்ததற்குக் காத்திருந்தோம். வரவில்லை. எனக்குக் கீழே காஷ்பரின் உடம்பு தளர்ந்துவிட்டது.

பதிமூன்று மணி நேரம் கழித்து, மூச்சுக்கவசம் போட்டவர்கள் எங்களை எடுத்தார்கள். வெண்டல் நாற்பது அடி தள்ளிக் கிடந்தான். காலின் மேல், கூரையைத் தாங்கிய ஒரு முட்டுக்கட்டை விழுந்திருந்தது. இரண்டு பேர் இருந்தால் தூக்கிவிடலாம்.

நாலு மாதம் காஷ்பர் என்னோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே மேஜை, ஒரே சட்டி முட்டைக்கோஸ் சூப். கோபம் என் மேல் என்றிருந்தால் தாங்கியிருப்பேன். ஒருநாள் அவன் தன் அக்காளிடம் சொல்லிக்கொண்டிருந்தது சுவருக்கு இந்தப் பக்கம் என் காதில் விழுந்தது. "மச்சானவிட நான் ஒன்றரை மடங்கு ஆளு, அக்கா. நெசமாத் திமிறியிருந்தா அவரால என்னப் பிடிச்சு வச்சிருக்க முடியுமா? எனக்குள்ளயே பயம் இருந்திருக்கு. பிடிச்சது நல்லதுன்னு நான் படுத்துட்டேன்." கோவிலுக்குப் போவதை நிறுத்தினான். பாதித் தட்டோடு எழுந்துவிடுவான். கன்னம் ஒட்டிப்போயிற்று. தம்பியைத் தொடர்ந்து இவனும் போய்விடுவான் என்று என் மனைவி பயந்தாள். நானும்தான்.

ஜூலையில் ஒரு ஞாயிறு மத்தியானம் லாரிமர் வந்தார். இன்னும் இளைத்திருந்தார். காஷ்பருக்கு எதிரே உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தக் குழாய்க் காத்த அளந்தாச்சு. நூறு பங்குல கால் பங்கு விஷம். அதே அளவு கலந்த ஓர் அறைக்குள்ள நான் போய், கதவச் சாத்திக்கிட்டு, ஒரு குருவியோட நடந்தேன். குருவி ரெண்டரை நிமிஷத்துல விழுந்தது. எனக்கு முழங்கால் மடங்க பதினெட்டு நிமிஷம் ஆச்சு. நாப்பது அடி போய், கட்டையத் தூக்கி, தம்பிய இழுத்துட்டு வர பத்து நிமிஷம் போதும். குருவி விழுந்த பிறகும் தம்பி, அசையாமக் கிடந்ததால, அரைமணி நேரம் தட்டினார். அதே காத்துலதான் தட்டினார். என் கையில கடிகாரம் இருந்தது, புத்தகத்துல கோடு இருந்தது. கூட்டிப் பாக்கத் தோணல. இவர் சொன்னதுதான் சரி. இதச் சொல்லுங்க. அடிச்சா வாங்கிக்கிறேன்."

பதினெட்டு நிமிஷம். நான் அன்று மறைத்த பாதி வாக்கியத்துக்குள் அவ்வளவு நேரம் இருந்திருக்கிறது.

"என்ன சொல்றாரு?" என்று காஷ்பர் கேட்டான். நாலு மாதத்துக்குப் பிறகு அவன் குரல் என் பக்கம் வந்தது.

அவன் முகத்தைப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால் அவனுக்கு இன்னொரு சவப்பெட்டி செய்ய வேண்டியதுதான். அதோடு, நான் அன்று என்ன சொன்னேன் என்பதும் வெளியே வரும். இதில் எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"காத்த அளந்துட்டாராம்" என்றேன். "வெண்டல் கிடந்த இடத்துல மட்டும் கொஞ்சம் நல்ல காத்து தேங்கி இருந்துச்சாம், அதான் தட்ட முடிஞ்சுது. நடுவுல இருந்தது முழு விஷம். பத்து அடி தாண்டியிருக்க மாட்டியாம். தன் உடம்புலயே சோதிச்சுப் பாத்தாராம். போயிருந்தா ரெண்டு சாவுங்கிறாரு."

காஷ்பர் எழுந்தான். லாரிமர் கண்ணை மூடி, அடிக்குத் தயாராகத் தோளைக் குறுக்கினார். காஷ்பர் அவரை இழுத்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, தோளில் தலை வைத்துக் குழந்தை மாதிரி அழுதான். "அவருக்கு நன்றி சொல்லு" என்றான். அதை மட்டும் உள்ளபடி சொன்னேன். லாரிமரும் உடைந்துவிட்டார். "நானா இருந்தா மன்னிச்சிருக்க மாட்டேன்" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

காஷ்பர் அலமாரியிலிருந்து பிளம் சாராயத்தை எடுத்து மூன்று கோப்பையில் ஊற்றினான். ஒன்றை என் பக்கம் தள்ளி, அவன் பல் பதிந்த தழும்பு இருந்த கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ பிடிக்கலன்னா நானும் போயிருப்பேன். குடி மச்சான்."

குடித்தேன்.