இடது பக்க போல்ட்டு

ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பரந்தாமன் டூல் ஸ்டோர் கிளார்க். காலையில் ஸ்பேனர்களை எண்ணிக் கொடுப்பார், மாலையில் எண்ணி வாங்குவார். இருபத்திரண்டு வருஷம் இதையே செய்ததில், எதிரே நிற்கிறவன் யாரானாலும் அவன் பையில் ஒரு ஸ்பேனர் ஒளிந்திருக்கிறது என்று நினைக்க மனசு பழகிவிட்டது. அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வர அவருக்குத் தெரியாது.

தொண்ணூற்றைந்தில் மகள் கஸ்தூரிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்ச் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. பரீட்சை எழுதி, இருநூறு பேரைத் தாண்டி வாங்கிய வேலை. போய்வர ஒரு புது மாடல் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். பெடலைத் தாங்குகிற கிராங்கைப் பழைய சைக்கிள்களில் காட்டர் பின் அடித்து நிறுத்துவார்கள். இதில் அந்த வேலையே இல்லை. அச்சின் சதுர முனையில் கிராங்கைச் செருகி, நடுவில் ஒரு போல்ட்டு போட்டு முடுக்கியிருந்தார்கள். மேலே கறுப்பு மூடி.

பத்தாம் நாள் கஸ்தூரி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள்.

"இடது பக்க கிராங்க் லூஸாயிடுச்சுப்பா. மேனாம்பேட்டுல ஒரு கடையில காட்டினேன். அவங்க டைட் வச்சுக் குடுத்தாங்க. புது கிராங்க் செட் ஆகிற வரைக்கும் வாரத்துக்கு ஒருவாட்டி முடுக்கணுமாம், அவங்கதான் சொன்னாங்க."

போல்ட்டு விஷயம் ஒரு காதில் நுழைந்தது. 'அவங்க' இன்னொரு காதில் நுழைந்து உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. சைக்கிள் கடைக்காரனை எந்தப் பெண் 'அவங்க' என்பாள்? 'கடைக்காரன்' என்பாள், மிஞ்சினால் 'அந்த ஆளு' என்பாள். அவர் மனைவி தாட்சாயிணி இருபத்துமூன்று வருஷமாக 'அவங்க' என்று சொல்வது ஒரே ஒரு ஆளைத்தான்.

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் பரந்தாமன் பாக்ஸ் ஸ்பேனரோடு உட்கார்ந்தார். வலது போல்ட்டை வலப்பக்கமாக ஒரு அழுத்து. இடது போல்ட்டுக்கு வந்ததும் அவருடைய ஸ்டோர் ஞானம் வேலை செய்தது. சைக்கிளில் இடது பக்கம் எதிர் மரை, இடப்பக்கமாகத் திருப்பினால்தான் இறுகும் என்று ஃபிட்டர்கள் பேசிக்கொள்வதை எத்தனை தரம் கேட்டிருக்கிறார்! பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கமாக அழுத்தினார். 'கிர்க்' என்று கால் சுற்று போனது. "இனிமே எப்படி லூஸாகுதுன்னு பாக்கறேன்" என்று மூடியைப் போட்டார்.

அன்று மாலையே லூஸானது. கஸ்தூரி மறுபடி தாமதம், மறுபடி 'அவங்க'.

அதற்கடுத்த திங்களும் அவர் முடுக்கினார், அதே கதை. செவ்வாய் முதல் சனி வரை உறுதியாக இருக்கிற போல்ட்டு திங்களன்று மட்டும் கழன்றுகொள்கிறதாம்! அவரே கையால் முடுக்கிய போல்ட்டு! வலது பக்கம் ஒருநாளும் லூஸாகவில்லை. ஆக, இது தானாகக் கழல்கிற போல்ட்டு இல்லை. யாரோ கழற்றுகிறார்கள். யாரோ என்ன யாரோ, வீட்டிலேயே இருக்கிறாள்.

"சாக்கு, தாட்சா. இவளே கழட்டிட்டு அங்க போறா."

"அவளையே கேளுங்களேன்."

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவாளா?"

ஸ்டோரில்கூட அவர் யாரையும் கேட்கமாட்டார், பையைத்தான் சோதிப்பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது மகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நாளைக்கும் லேட்டா வந்தா, செவ்வாய்க்கிழமையிலேர்ந்து வேலைக்குப் போக வேணாம்." கஸ்தூரி கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். சைக்கிள் லூஸானால் தன் வேலை எதற்குப் போக வேண்டும் என்று பாவம் அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல் போல்ட்டை முடுக்கிவிட்டு, அரைநாள் லீவு போட்டு, தன் பழைய சைக்கிளில் எஸ்டேட்டுக்குப் போனார். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் பெஞ்சு ஓரமாக உட்கார்ந்தார். ஐந்தரைக்கு மகள் வெளியே வந்தாள். கொஞ்ச தூரம் மிதித்தாள், குனிந்து பார்த்தாள், இறங்கித் தள்ளத் தொடங்கினாள். முகத்தில் அழுகை முட்டிக்கொண்டிருந்தது. பரந்தாமன் கண்ணுக்கு அது நடிப்பாகத்தான் பட்டது. பெற்ற அப்பன் கண் அப்படியா கெட்டுப்போகும்? கெட்டுத்தான் போயிருந்தது.

மேனாம்பேட்டில் தகரக் கொட்டகை ஒன்றின் முன் அவள் நின்றாள். காக்கிச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய ஓர் உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு, கவிழ்த்த சைக்கிளுக்குப் பின்னால் குந்தியிருந்தது. கஸ்தூரி ஏதோ சொன்னாள். அந்த உருவம் எழாமலே கையை நீட்டி அவள் தலையைத் தடவியது.

பரந்தாமனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். "டேய்! கையை எடுடா!"

உருவம் எழுந்து திரும்பியது. காக்கிச் சட்டைக்குக் கீழே கண்டாங்கிச் சேலை, காதில் கம்மல், வாய் நிறைய வெற்றிலை. வயது ஐம்பத்தைந்துக்குக் குறையாது.

"இன்னாது, டேயா?" என்றாள் கடைக்காரி கெங்கம்மாள். "யாரு இந்தாளு, பொண்ணு?"

"எங்க அப்பாதான்க்கா" என்றாள் கஸ்தூரி, மெல்ல.

"அப்பாவா! வாய்யா வா, உன்னிய பாக்கணும்னுதான் கீறேன். இது நாலாவது தபா. ஒரே பக்கமா கயண்டுகினு கீது. ஓட்டை தேஞ்சி போச்சின்னா கிராங்கையே மாத்தணும். ஊட்ல யாரு இதுல கை வெக்கறது?"

"நான்தான். வாரா வாரம் முடுக்கறேன்" என்றார்.

"எப்டி?" ஸ்பேனரைக் கையில் திணித்தாள். "செஞ்சி காட்டு."

பரந்தாமன் குந்தி, ஸ்பேனரை மாட்டி, இடப்பக்கமாக அழுத்தினார். போல்ட்டு வழவழவென்று சுற்றி வெளியே வந்து, அவர் உள்ளங்கையில் விழுந்தது.

கெங்கம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "அய்ய, பெடலுக்குத்தான் நைனா எதிர் மரை! போல்ட்டு ரெண்டு பக்கமும் நேர் மரைதான். நான் முடுக்கி அனுப்பறேன், நீ அவுத்து அனுப்பற. நல்ல வேலை செஞ்ச போ!"

அவர் சிரிக்கப் பார்த்தார். கஸ்தூரி சிரிக்கவில்லை. காக்கிச் சட்டையைப் பார்த்தாள், ரோட்டில் கிடந்த அப்பாவின் சைக்கிளைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"இன்னிக்கு உங்களுக்கு ட்யூட்டிதானே?"

அவர் போல்ட்டை உள்ளங்கையில் உருட்டினார்.

"டேய்னு கூப்பிட்டீங்களே, யாருன்னு நெனச்சுக் கூப்பிட்டீங்க?"

கெங்கம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவர் கையிலிருந்த போல்ட்டை வாங்கி முடுக்கத் தொடங்கினாள். கஸ்தூரிக்கு நாலு வாரமும் ஒரேயடியாகப் புரிந்துவிட்டது. அவமானத்தில் அவள் காதுமடல் சிவந்தது.

"போல்ட்டைத் தெரியாமத்தான் அவுத்தீங்க. அது போகட்டும்" என்றாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கடையில யாரும்மான்னு கேட்டிருந்தா கெங்கம்மா அக்கான்னு சொல்லியிருப்பேன்."

"நாளைக்கு வேலைக்குப் போம்மா" என்றார் பரந்தாமன்.

"போவேன். நீங்க சொன்னதுக்காக இல்ல."

சைக்கிள் தயாரானது. பரந்தாமன் தன் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு, அவள் ஏறட்டும் என்று காத்து நின்றார். கஸ்தூரி ஏறவில்லை.

"நீங்க முன்னாடி போங்கப்பா" என்றாள். "பின்னாடி வந்தது போதும்."

அவர் முன்னால் போனார். மகள் வருகிறாளா என்று ஆவடி வரைக்கும் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.