படிக்கட்டில் எரிந்த விளக்கு

அணுகுண்டுகள் விழுந்த நாளிலிருந்து வானத்தைப் புகை மூடிக்கிடந்தது. உயிர் தப்பியவர்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, கார் நிறுத்துமிடத்தில் குடியிருந்தார்கள். அங்கிருந்த ஒரே பேட்டரிக்கு எலெக்ட்ரீசியன்தான் காவல். பல்பை அணைக்க மறந்தவர்கள் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

ஒரு நாள் காலையில் எழுந்தவர், படிக்கட்டில் வெளிச்சத்தைப் பார்த்தார். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"எந்தப் புண்ணியவான் லைட்டைப் போட்டுட்டுப் போனது? உங்கப்பன் வீட்டு கரண்டா?" என்று கத்திக்கொண்டே ஏறினார். அவருடன் தங்கியிருந்த மச்சினி பின்னாலேயே ஓடினாள்.

மேலே சுவரைத் தடவி சுவிட்சைத் தட்டினார். வெளிச்சம் போகவில்லை. மறுபடியும் தட்டினார். அப்போதுதான் சுவரில் தன் கையின் நிழலைப் பார்த்தார். புறங்கை இதமாகச் சுட்டது. திரும்பினார். உடைந்த ஜன்னலுக்கு வெளியே, புகை கிழிந்த இடத்தில், சூரியன் நின்றிருந்தது.

மச்சினி மெல்லச் சொன்னாள்: "மாமா, அது நம்ம பேட்டரி இல்ல."

எங்கே அணைந்துவிடுமோ என்று பயந்தவர் போல, அவர் சுவிட்சிலிருந்து விரலை மெதுவாக எடுத்தார்.

"எரியட்டும்மா," என்றார். "எரியட்டும், விடு."